ஏஐ படங்கள்: லேபிள் ஒட்டினால் போதுமா? டீவியன்ட்ஆர்ட், ஆர்ட்ஸ்டேஷன், பிக்சிவ், காரா பற்றி

#1 மைக்கூடு

போர்ட்ஃபோலியோவை எந்தத் தளத்தில் வைப்பது என்று இந்தக் குழுவில் மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். முன்பெல்லாம் எங்கே கமிஷன் (பணம் கொடுத்து வரையச் சொல்லும் வேலை) கிடைக்கும், எங்கே கூட்டம் அதிகம் என்று பதில் சொல்லிவிடலாம். இப்போது அதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது: ஏஐ படங்களை அந்தத் தளம் என்ன செய்கிறது? "லேபிள் போடச் சொல்லிவிட்டார்களே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். லேபிள் போதாது என்பது என் கட்சி. லேபிள் ஒட்டிய படம் அடுத்து எங்கே போகிறது, எந்தத் தரவரிசையில் ஏறுகிறது, அதற்குப் பணம் வாங்க விடுகிறார்களா என்பதை வைத்துத்தான் ஒரு தளத்தை எடை போடணும்.

டீவியன்ட்ஆர்ட்டில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2000-இல் தொடங்கிய தளம், நம்மில் பலர் முதல் படத்தைப் போட்ட இடம். 2022 நவம்பர் 11 அன்று ட்ரீம்அப் என்ற ஏஐ கருவியைக் கொண்டுவந்தார்கள். அடித்தளம், எழுத்தில் சொன்னதைப் படமாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற ஏஐ மாடல். உங்கள் படங்களை ஏஐ பயிற்சிக்கு எடுக்கக் கூடாது என்றால் நீங்களே போய் ஒவ்வொரு படத்துக்கும் மறுப்புச் சொல்ல வேண்டும் என்று அன்று காலையில் இருந்தது நிலைமை. பத்து வருடம், பதினைந்து வருடம் படம் போட்டவர்கள் என்ன செய்வார்கள்? இறந்துபோனவர்களின் பக்கங்கள் இருக்கின்றனவே, அவர்களுக்காக யார் போய் டிக் அடிப்பது? எதிர்ப்பு கிளம்பிய வேகத்தில் ஒரு நாளுக்குள் தலைகீழாக மாற்றினார்கள்: எல்லாப் படத்துக்கும் 'நோஏஐ' (ஏஐ பயிற்சிக்கு எடுக்காதே என்ற குறி) தானாகவே விழும்படி செய்தார்கள். அதே கருவி, அதே தளம், ஒரு டிக் பெட்டி ஆரம்பத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான் மாறியது. பெரும்பாலானவர்கள் செட்டிங்ஸ் பக்கமே போவதில்லை. ஆகவே ஆரம்ப நிலையை யார் தீர்மானிக்கிறார்களோ அவர்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார்கள்.

அடுத்த மாதமே ஆர்ட்ஸ்டேஷன். கேம், சினிமா வேலை தேடுகிறவர்களின் தளம். 2021-இல் எபிக் கேம்ஸ் வாங்கிவிட்டது. 2022 டிசம்பர் நடுவில் முகப்புப் பக்கம் முழுக்க ஒரே படம்: ஏஐ என்ற எழுத்துகளின் மேல் சிவப்புத் தடைக்குறி. ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து போட்டார்கள். தளம் அந்த எதிர்ப்புப் படங்களை விதிமீறல் என்று நீக்கியது. அப்புறம் 'நோஏஐ' டேக் கொடுத்தார்கள், அதையும் ஓவியரே போட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் தொடங்கினார்கள். ஏஐ ஆராய்ச்சியையும் வணிகத்தையும் தடுக்கும் காவலாளியாக இருக்க விரும்பவில்லை என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். காவல் வேண்டும் என்று கேட்டதே அந்தத் தளத்தை நிரப்பிய ஓவியர்கள்தானே!

எனக்குப் பிடித்தது பிக்சிவ் செய்தது. ஜப்பான் தளம், 2007-இலிருந்து இருக்கிறது. 2022 அக்டோபர் கடைசியில், ட்ரீம்அப் வருவதற்கும் முன்பே, மூன்றைச் சேர்த்துச் செய்தார்கள். படம் போடும்போதே ஏஐ படமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். பார்ப்பவர் வேண்டாம் என்றால் மறைத்துக்கொள்ளலாம். தரவரிசையும் தனித்தனி. மூன்றாவதுதான் முக்கியம். ஒரு படத்துக்கு இரண்டு வாரம் உட்காருகிறவரும், ஒரு மாலையில் நூறு படம் இறக்குகிறவரும் ஒரே வரிசையில் நின்றால் யார் மேலே வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை. 2023 மே மாதத்தில் ரசிகர்கள் மாதச் சந்தா கட்டும் தங்கள் ஃபேன்பாக்ஸ் பகுதியில் ஏஐ படங்களையே நிறுத்திவிட்டார்கள். பார்க்கலாம், பகிரலாம், ஆனால் அங்கே சந்தா வாங்க முடியாது.

மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 கரிக்கோல்

நல்ல தொடக்கம், மைக்கூடு. ஆனால் பிக்சிவைக் கொஞ்சம் அதிகமாகவே மெச்சிவிட்டீர்கள். அந்த 2023 மே மாற்றங்கள் தானாக வரவில்லை. ஒரு குறிப்பிட்ட ஓவியரின் பாணியை அப்படியே பயிற்றுவித்து, அவர் பெயரை வைத்தே படங்களைக் குவிக்கிறார்கள் என்று ஜப்பான் ஓவியர்கள் கொதித்துப்போய்த் தங்கள் படங்களை மறைத்துவைக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் ஒருவரின் பாணியைத் தொடர்ந்து நகலெடுத்து அவருக்கு இழப்பு உண்டாக்குவது கூடாது என்று விதியில் சேர்த்தார்கள்.

என் நிலை எளிமையானது: அடியோடு தடை. முடியாத காரியம் இல்லை. நியூகிரவுண்ட்ஸ், ஃபர் அஃபினிட்டி இரண்டும் 2022 செப்டம்பரிலேயே தடை போட்டுவிட்டன. இரண்டும் சின்னத் தளங்கள், பெரிய முதலாளி கிடையாது. மனிதர் வரைந்ததற்கான இடம் இது என்று ஒரே வரியில் முடித்தார்கள். படங்களுக்கு உரிமம் விற்கும் பெரிய நிறுவனமான கெட்டி இமேஜஸும் அதே மாதம் தடை போட்டது. அவர்களுடையது ஓவியர் மேல் உள்ள பாசம் இல்லை, பதிப்புரிமை வழக்கு வந்தால் யார் பொறுப்பு என்ற பயம். அடுத்த வருடமே என்விடியாவோடு சேர்ந்து சொந்த ஏஐ கருவியைக் கொண்டுவந்தார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது வருடமாக அட்டைப்படம் வரைகிறேன். ஆஃப்செட் வந்தது, ஃபோட்டோஷாப் வந்தது, எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டோம். அவை எங்கள் பழைய வேலையைத் தின்று வளரவில்லை. இது தின்று வளர்கிறது. அந்த வேறுபாட்டை மறந்துவிட்டு லேபிள், ஃபில்டர் என்று பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

#3 பிக்சல்பாண்டி

கரிக்கோல் சார், மரியாதையோட ஒரு கேள்வி. தடைன்னா எதுக்குத் தடை? நான் பெங்களூர்ல ஒரு கேம் ஸ்டூடியோல கான்செப்ட் ஆர்ட் பண்றேன். கேரக்டர் முழுக்க என் கை. பின்னாடி வானத்துல ஒரு மூலைய மட்டும் ஃபோட்டோஷாப்போட ஏஐ வசதியான ஜெனரேட்டிவ் ஃபில் வச்சு நீட்டினா அது ஏஐ படமா? ஏஐ-ல நாலு கலர் காம்பினேஷன் பார்த்துட்டு அப்புறம் முழுசா நானே வரைஞ்சா?

பிக்சிவ் இதுக்கு ஒரு பதில் வச்சிருக்கு. உருவாக்கத்தோட எல்லாக் கட்டமும் அல்லது பெரும்பகுதி ஏஐ செஞ்சிருந்தாதான் அது ஏஐ படைப்பு. இடையில கொஞ்சம் உதவி வாங்கினா லேபிள் கட்டாயம் இல்ல. 'பெரும்பகுதி'ங்கறத யார் அளக்கறதுன்னு கேட்டா பதில் இல்லதான். இருந்தாலும் கோடு எங்கயோ ஒரு இடத்துல இருக்கு. வெறும் 'ஏஐ தடை'ன்னு ஒரு வரி எழுதின தளத்துல அந்தக் கோட்ட மாடரேட்டர் அன்னிக்கு இருக்கற மனநிலைதான் போடுது.

எங்க ஸ்டூடியோல ஆள் எடுக்கும்போது ஆர்ட்ஸ்டேஷன் லிங்க்தான் இன்னமும் கேக்கறாங்க. நாளைக்கே விட்டுட்டு வாங்கன்னு ஜூனியர்கள்ட்ட சொல்ல எனக்கு மனசு வராது. வேலை அங்கதான் இருக்கு.

#4 வண்ணமதி

பாண்டி சொன்ன அந்த 'மாடரேட்டர் மனநிலை' பற்றி நான் எழுதியே ஆகவேண்டும்.

போன வருடம், நம் படங்களுக்கு உரிமம் விற்றுத் தரும் ஒரு ஸ்டாக் தளத்துக்கு (பெயர் வேண்டாம்) கோலம் போடும் பெண்கள் வரிசை ஒன்று அனுப்பினேன். வாட்டர்கலர், காகிதத்தில் வரைந்து ஸ்கேன் செய்தது. 'ஏஐ உருவாக்கம் எனச் சந்தேகம், லேபிள் இல்லை' என்று திருப்பி அனுப்பினார்கள். காகிதத்தின் ஃபோட்டோவை, பென்சில் கோடு தெரியும் முதல் கட்டத்தை எல்லாம் அனுப்பினேன். வந்தது அதே பதில், வார்த்தை மாறாமல். ஒரு மனிதர் அதைத் திறந்து பார்த்தாரா என்றுகூடத் தெரியவில்லை. மாதக் கணக்கில் செய்த வேலை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. 2022 டிசம்பர் கடைசியில் ரெடிட்டின் ஆர்ட் பகுதியில் நடந்தது உலகம் முழுக்கச் செய்தியானது. வியட்நாம் ஓவியர் ஒருவர் புத்தக அட்டைக்காக வரைந்த படத்தை ஏஐ என்று சொல்லி அவரை நீக்கினார்கள். லேயரோடு கோப்பைத் தருகிறேன் என்று அவர் சொன்னார். நீங்களே வரைந்திருந்தாலும் பார்க்க ஏஐ மாதிரி இருக்கிறது, வேறு பாணி தேடிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் மாடரேட்டரிடமிருந்து பதில் வந்தது. யோசித்துப் பாருங்கள். ஏஐ யாரைப் பார்த்துக் கற்றதோ அந்த ஓவியர்களே இப்போது ஏஐ மாதிரி வரைகிறார்கள் என்று வெளியேற்றப்படுகிறார்கள்.

கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் ஒரு சதவீதத்தைக் கொடுக்கும். ஏன் அந்தச் சதவீதம் என்று சொல்லாது. மென்மையான ஷேடிங், பளபளப்பான தோல், கச்சிதமான ஒளி என்று வரைகிறவர்கள் எல்லோரும் ஆபத்தில் இருக்கிறார்கள். தடை போடும் தளம் எதுவானாலும், மேல்முறையீட்டை ஒரு மனிதர் பார்ப்பாரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அந்தத் தடை நம்மையும் சேர்த்தே வெட்டும்.

#5 கரிக்கோல்

வண்ணமதி, உங்களுக்கு நடந்தது அநியாயம். மேல்முறையீடு கட்டாயம் வேண்டும் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். தடை வேண்டும் என்ற நிலையில் மட்டும் மாற்றம் இல்லை. திருடனைப் பிடிக்கப் போன இடத்தில் ஊர்க்காரரைப் பிடித்தால், காவலைச் சரிசெய்யத்தான் வேண்டும்.

ஓவியர்களுக்கான காரா தளத்தைப் பாருங்கள். அங்கே தடையும் உண்டு, பாதுகாப்பும் உண்டு. தொடங்கியவர் ஜிங்னா ஜாங் என்ற ஃபோட்டோகிராஃபர். தன் ஃபோட்டோவைப் பார்த்து வரைந்தவர்மேல் லக்சம்பர்க்கில் வழக்குப் போட்டு, மேல்முறையீட்டில் வென்றவர். 2024-இல் பொதுவில் இருக்கும் பதிவுகளை ஏஐ பயிற்சிக்கு எடுப்போம் என்று மெட்டா அறிவித்ததும் இன்ஸ்டாகிராமிலிருந்து ஓவியர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள். ஒரு வாரத்தில் சுமார் 40,000 பேரிலிருந்து 6,50,000 பேர். போர்ட்ஃபோலியோவில் ஏஐ படம் கூடாது, போடும் படங்களில் 'நோஏஐ' தானாக விழும், சிகாகோ பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய கிளேஸ் கருவியும் உள்ளேயே இணைக்கப்பட்டிருக்கிறது.

#6 மைக்கூடு

கரிக்கோல் சார், காராவில் நானும் இருக்கிறேன், ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்த வாரம் அவர்களுக்கு வந்த சர்வர் பில் கிட்டத்தட்ட 96,000 டாலர். தன்னார்வலர்கள் நடத்தும் தளத்துக்கு அது எவ்வளவு பெரிய இடி! நாம் எல்லோரும் ஒரே நாளில் ஓடிப்போய் ஏறி நின்றால் சின்னத் தளங்கள் தாங்காது. கூடவே பண உதவியும் செய்ய வேண்டும்.

கிளேஸ் பற்றிப் புதியவர்களுக்கு: படத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மாற்றங்களைச் சேர்த்து, நம் பாணியை ஏஐ மாடல் தப்பாகப் படிக்கும்படி செய்யும். 2023-இல் வந்தது. 2024 ஜனவரியில் அதே குழு கொண்டுவந்த நைட்ஷேட் ஒரு படி மேலே போய், அனுமதியில்லாமல் எடுத்துப் பயிற்சி கொடுக்கும் மாடலையே குழப்பப் பார்க்கும். சமதளமான நிறங்கள் உள்ள படங்களில் தடம் கொஞ்சம் தெரிகிறது. இவை முழுக் கவசம் என்று அதை உருவாக்கியவர்களே சொல்வதில்லை.

#7 மின்கனவு

நான் ஏஐ-யில் படம் செய்கிறவன். திட்டுவீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே என் தரப்பு ஆள் யாரும் இல்லை.

என் கைகள் ஒரு நரம்பு நோயால் நடுங்கும். பென்சில் பிடிக்க முடிந்த காலத்தில் வரைந்தேன். இப்போது மனதில் உள்ளதை இந்தக் கருவி வழியாகத்தான் பார்க்க முடிகிறது. ஓவியர் பெயரை ப்ராம்ப்ட்டில் (ஏஐக்கு எழுதும் கட்டளையில்) போடுவதில்லை, விற்பதும் இல்லை. போடும் ஒவ்வொரு படத்திலும் ஏஐ லேபிள் ஒட்டுகிறேன். அதற்குக் கிடைப்பது என்ன? லேபிளைத் தேடிவந்து வசைபாடுகிறார்கள். என்னோடு ஆரம்பித்த பலர் லேபிளை எடுத்துவிட்டார்கள். 'கையால் வரைந்தது' என்று போட்டால் பாராட்டு, உண்மையைச் சொன்னால் அடி என்றால் எத்தனை பேர் உண்மை சொல்வார்கள்?

மைக்கூடு சொல்லும் தனி வரிசை எனக்குச் சம்மதம். அங்கே நிற்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

#8 மைக்கூடு

மின்கனவு, எழுதியதற்கு நன்றி. இந்த இழையில் யாரும் உங்களைத் திட்டக் கூடாது என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பதிவில் எனக்குப் பெரிதாகப் படுவது, லேபிள் என்பதே போடுகிறவரின் நேர்மையை நம்பி நிற்கிறது என்பது. நேர்மையானவருக்கு ஓர் இடமும் பாதுகாப்பும் இல்லாவிட்டால் லேபிள் தானாகச் செத்துவிடும். தண்டனை, லேபிளை மறைத்தவருக்குப் போக வேண்டும். இப்போது பல தளங்களில் அது ஒட்டியவருக்குப் போகிறது. ஆனால் உங்கள் கருவி யாருடைய படங்களைத் தின்று வளர்ந்தது என்று கரிக்கோல் சார் கேட்டது அப்படியே நிற்கிறது. அதற்கு நீங்கள் ஒருவர் பதில் சொல்ல முடியாது, அந்த நிறுவனங்கள்தான் சொல்ல வேண்டும்.

#9 சட்டப்புறா

மைக்கூடு அக்கா, சட்டம் படிக்கிறேன் என்பதால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். 'நோஏஐ' டேக் என்பது வலைப்பக்கத்தின் உள்ளே எழுதிவைக்கும் ஒரு வேண்டுகோள். படம் திரட்ட வரும் நிரல் அதைப் படித்து மதித்தால் உண்டு. மதிக்காவிட்டால் அந்த டேக்கால் எதையும் தடுக்க முடியாது. தவிர, ஸ்டேபிள் டிஃப்யூஷனின் பயிற்சிக்கு மூலமான லயான் தொகுப்பு 2022 மார்ச்சிலேயே வெளியாகிவிட்டது. சுமார் 585 கோடிப் படங்களின் இணைப்புகளும் அவற்றின் விவரிப்புகளும் அதில் இருந்தன. டேக் வந்தது அதே ஆண்டு நவம்பரில்.

நீதிமன்றங்களில் இதுவரை கலவையான நிலைதான். 2023 ஜனவரியில் சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஓர்டிஸ் மூவரும் கலிஃபோர்னியாவில் தொடுத்த வழக்கில், ஸ்டேபிள் டிஃப்யூஷனை வெளியிட்ட ஸ்டெபிலிட்டி, இன்னொரு ஏஐ பட நிறுவனமான மிட்ஜர்னி ஆகியவற்றோடு டீவியன்ட்ஆர்ட்டும் பிரதிவாதி. ஓவியர்களின் தளம் ஒன்றே ஓவியர்களுக்கு எதிரே நிற்கிறது என்பதுதான் எனக்கு வலிக்கிறது. 2024 ஆகஸ்டில் நீதிபதி பதிப்புரிமை வாதங்களைத் தொடர அனுமதித்தார். ஆனால் டீவியன்ட்ஆர்ட் தன் பயனர்களோடு போட்ட ஒப்பந்தத்தை மீறியது என்ற வாதத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார். பதிவு செய்யும்போது நாம் 'ஏற்கிறேன்' என்று அழுத்தும் விதிமுறைகள் நம்மைக் காக்கும் என்று நம்பியிருக்க முடியாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

லண்டனில் கெட்டி தொடுத்த வழக்கில் 2025 நவம்பரில் வந்த தீர்ப்பு பெரும்பாலும் ஸ்டெபிலிட்டி பக்கம். பயிற்சி பிரிட்டனில் நடக்கவில்லை என்பதால் அந்த முக்கிய வாதத்தை கெட்டியே கைவிட வேண்டி வந்தது. மாடலுக்குள் படங்களின் நகல் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. கெட்டியின் வாட்டர்மார்க் சில படங்களில் அப்படியே வந்ததால் வணிகச்சின்ன வாதத்தில் மட்டும் ஓரளவு வெற்றி.

நம் நாட்டுக்கு வந்தால், 2025 டிசம்பரில் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையின் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏஐ நிறுவனங்களுக்குக் கட்டாய உரிமம், படைப்பாளிகளுக்கு ராயல்டி என்பது அதன் யோசனை. பணம் வரும், ஆனால் என் படத்தை எடுக்காதே என்று சொல்லும் உரிமை இருக்காது. அது சட்டமானால் இங்கே 'நோஏஐ' டேக்குக்கு என்ன மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

#10 ஒளிச்சட்டகம்

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். ஸ்டாக் தளங்களுக்குப் படம் குடுத்துத்தான் என்ர வருமானத்தில பாதி வருது, அதால பணக்கதையை நான் சொல்றன்.

ஷட்டர்ஸ்டாக் எங்களை ஏஐ படம் ஏத்த விடாது. ஆனா 2022 ஒக்டோபரில, ஓபன்ஏஐயோட சேர்ந்து தானே விக்கப்போறதா அறிவிச்சது. எங்கட படங்களைப் பயிற்சிக்குக் குடுக்கிறதுக்கு ஒரு நிதி வச்சுப் பங்கு தருகினம், வேண்டாமெண்டு விலகவும் ஏலும். அடோபி ஸ்டாக் இதுக்கு நேர்மாறு. அங்க 2022 டிசம்பரிலயிருந்து லேபிளோட ஏஐ படம் ஏத்தலாம், ஓவியர் பேர் போடேலாது. தங்கட ஏஐ கருவி ஃபயர்ஃப்ளையை எங்கட படங்களை வச்சுத்தான் பயிற்றினவை, போனஸ் தந்தவை, விலகிற வழி தரேல்லை. 'உரிமம் உள்ள படங்களில மட்டும் பயிற்றினது' எண்டு விளம்பரம் செய்தவை. அந்தப் பயிற்சிப் படங்களில சுமார் 5 சதவீதம் ஏஐ படங்கள், மிட்ஜர்னியில செய்ததும் இருக்கு எண்டு 2024 ஏப்ரலில புளூம்பெர்க் எழுதினது. மற்ற ஆக்களின்ர படத்தில வளந்த மாடலின்ர படம், ஸ்டாக் வழியா உள்ள வந்து, சுத்தமான படமெண்டு கணக்கில ஏறுது. ஏத்தேக்க ஒட்டின லேபிளைப் பயிற்சி நேரத்தில ஆரும் பாக்கேல்லை. மைக்கூடு அக்கா சொன்னது சரி, லேபிள் ஒட்டின பிறகு படம் எங்க போகுதெண்டுதான் பாக்கோணும்.

#11 புதுத்தூரிகை

எல்லாம் படித்தேன், தலை சுற்றுகிறது. நான் இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். நாளைக்கே என்ன செய்யட்டும், யாராவது சொல்லுங்களேன்.

#12 வண்ணமதி

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன், உங்களுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை தேடுகிறீர்கள் என்றால் பாண்டி சொன்னபடி ஆர்ட்ஸ்டேஷனில் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் அங்கே கொட்டாதீர்கள். நோஏஐ டேக் விழுந்திருக்கிறதா என்று படத்துக்குப் படம் சரிபாருங்கள். நிறையப் பகிர விரும்பினால் காரா. ஜப்பானிய அனிமே பாணி என்றால் பிக்சிவ். அங்கே பார்வை செட்டிங்ஸில் ஏஐ படைப்புகளை மறைத்துவிட்டால் உங்களுக்கு வரும் படங்களின் வரிசை நன்றாக இருக்கும். பொதுவில் போடுவதற்குச் சின்ன அளவுப் படம் போதும், அச்சுத் தரக் கோப்பை யாருக்கும் திறந்து வைக்காதீர்கள்.

மிக முக்கியம், ஆதாரம். லேயரோடு உள்ள மூலக் கோப்பை அழிக்கவே வேண்டாம். ப்ரோகிரியேட் செயலியில் வரைவது டைம்லாப்ஸ் வீடியோவாகத் தானாகப் பதிவாகும், அதை எடுத்துத் தனியே சேமியுங்கள். காகிதத்தில் வரைகிறவர்கள் கட்டத்துக்குக் கட்டம் ஃபோன் கேமராவில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், கையும் சேர்ந்து தெரிவதுபோல.

#13 மைக்கூடு

வண்ணமதி எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். புதிய தளம் எதில் சேர்ந்தாலும் விதிமுறைப் பக்கத்தில் 'உரிமம்', 'மெஷின் லேர்னிங்' என்ற சொற்களைத் தேடிப் படித்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள். விதிகள் மாறும்போது முன்பு என்ன இருந்தது என்று காட்ட அது உதவும்.

சட்டப்புறா, அந்த டிசம்பர் அறிக்கையைப் பற்றித் தனி இழை தொடங்க முடியுமா? நம் ஓவியர்கள் ஒருவர்கூட அதைப் பற்றிக் கருத்து அனுப்பியதாக இந்தக் குழுவில் நான் பார்க்கவில்லை. சேர்ந்து தமிழில் ஒரு கடிதம் எழுதுவோம், முதல் வரைவை நான் போடுகிறேன்.

#14 சட்டப்புறா

இன்று இரவே தொடங்குகிறேன் அக்கா.